தவளைக் குட்டைக்கு ஒரு கம்பி மூடி

கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் சின்னக் குட்டை ஒன்று வெட்டப்போகிறேன் என்றதும் மாமி கேட்டார்: "மூண்டு வயசுப் பிள்ளை ஓடித் திரியிற வளவுக்கை தண்ணிக் கிடங்கோ பிள்ளை?" நியாயமான கேள்வி. குழந்தை மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை. குப்புற விழுந்தால் இரண்டு அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது.

ஆனாலும் எனக்குக் குட்டை வேண்டும். யாழ்ப்பாணத்து இணுவிலில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்தான், குடிப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான், பாத்திக்கு அடிக்கிற மருந்து மழையோடு கல்வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கடைசியில் எங்கள் வாளிக்குள்ளேயே வந்து சேரும். சரி, மருந்தை நிறுத்தினால் பூச்சியை யார் தின்பது? தவளையும் தேரையும் தும்பியும்தான். அவை முட்டையிடத் தண்ணீர் வேண்டும்.

ஐந்தடி நீளம், நாலடி அகலம், நடுவில் ஒன்றரை அடி ஆழம். கல் குத்திக் கிழிக்காமல் இருக்க மணலும் பழைய சாக்கும் பரப்பி, மேலே தடித்த கறுப்புப் பொலித்தீன். தவளை ஏறி இறங்க ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டுக் கல் அடுக்கினேன்.

முக்கியமானது மூடி. வெல்டிங் கடைத் தம்பியிடம் பத்து மில்லிமீற்றர் கம்பியில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஒட்டச் சொன்னேன். தவளை நுழையும், பிள்ளையின் தலை நுழையாது. வலை கட்டினால் பிள்ளை ஏறும்போது தொய்ந்து தண்ணீருக்குள் போய்விடும், அதனால் வலையை நம்பாதீர்கள். கம்பியைச் சுற்றிவர அரையடி வெளியே நீட்டிக் கல்கட்டில் இருத்தி ஆமைப்பூட்டும் போட்டோம். என் கணவர் நடுவில் ஏறிக் குதித்துப் பார்த்தார், வளையவில்லை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் விட்டேன். மூடி இருந்தாலும் பிள்ளையை அங்கே தனியே விடுவதில்லை.

அடுத்த பயம் டெங்கு. தேங்கிய தண்ணீரில் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு வளர்ந்து பறந்துவிடும். ஐந்தாறு கப்பி மீன் விட்டேன், நுளம்புக் குடம்பிகளை (புழுக்களை) காணோம். மீனைக் கூட்டினால் சின்ன வாற்பேத்தைகளையும் தின்றுவிடும், ஆகவே கொஞ்சமாகவே விடுங்கள். ஓரத்து ஈரத்தில் வல்லாரை தானாகப் படர்ந்தது, சம்பலுக்கு ஆயிற்று.

மாரி தொடங்கி ஒரு மாதத்தில் தவளைச் சத்தம். ஒருநாள் பொழுதுபடும் நேரம் கத்தரிக்குக் கீழே ஒரு தேரை. இலையிலிருந்து விழுந்த பச்சைப்புழு நெளிகிறது, தேரை உடம்பை மெல்லத் திருப்பியது, அவ்வளவுதான், புழு இல்லை. பக்கத்தில் குந்தியிருந்த மகள் மூச்சுக்கூட விடவில்லை.

எல்லாவற்றையும் தவளை பார்த்துக்கொள்ளாது. மிளகாயின் இலைச்சுருட்டலுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான் அடிக்கிறேன். இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிறது, தண்ணீர் வேகமாக வற்றுகிறது, மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாளி ஊற்றுகிறோம். ஒரு வாளி மாமியின் பங்கு.