பின்சில்லும் திரும்பும் கார்

மட்டக்களப்பு கல்லடியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு எப்போதாவது ஒரு பழைய ஹொண்டா பிரிலூட் வரும். வந்தால் உரிமையாளர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, பின்னுக்கு இருக்கிற கூத்தைக் கழற்றிப்போட்டு மற்றக் கார் மாதிரி ஆக்கித் தாங்க." எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர்கள் சொல்கிற கூத்து, நாலு சில்லும் திரும்பும் அமைப்பு. அதை ஹொண்டா முதலில் போட்டது 1987இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரிலூட்டில். அதில் கம்பியூட்டர் வேலை ஒன்றுமில்லை. முன்சில்லைத் திருப்புகிற ஸ்டேரிங் றக்கிலிருந்து ஒரு நீண்ட ஷாப்ட் காரின் அடியால் ஓடி, பின்னால் ஒரு கியர்ப் பெட்டியில் முடிகிறது. ஸ்டேரிங்கை லேசாகத் திருப்பினால் பின்சில்லும் முன்சில்லு போகிற பக்கமே திரும்பும், கூடினால் 1.5 பாகை. இன்னும் சுற்றினால் நேராகிவிட்டு மறுபக்கம் போகத் தொடங்கும். முழுசாக ஒடித்தால் 5.3 பாகை. கார் என்ன வேகத்தில் போகிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர் ஸ்டேரிங்கை முழுசாக ஒடிக்கப் போவதில்லை. ஒழுங்கைக்குள் திருப்புகிறவருக்கு ஒடிக்காமல் முடியாது. இதை யோசித்த மனிசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

தொல்லை எங்கள் ஊரில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் உப்புக்காற்று. மாரியில் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படுவான்கரைக்குப் போய் வந்தால் காரின் வயிறு முழுக்கச் சேறு. பின்பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் றபர் பூட், அதாவது மடிப்பு மடிப்பான றபர் உறைதான் முதலில் போகும். அடியில் படுத்துக்கொண்டு அதன் மடிப்பைப் பெருவிரலால் விரித்துப் பார்க்க வேண்டும். மேலால் பார்த்தால் புதுசு போலவே இருக்கும், வெடிப்பு மடிப்புக்குள்ளே ஒளிந்திருக்கும். அந்த உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் கிறீஸைத் தொட்டால் மீதி விளங்கிவிடும். பழுப்பாகி, விரலில் தேய்க்கும்போது நறநறத்தால் உப்புத்தண்ணி உள்ளே போயிருக்கிறது. பூட் என்றால் அளவு பொருந்துகிற வேறு காரினதைப் போட்டுச் சமாளிக்கலாம். பெட்டியே துருப்பிடித்தால் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் பழைய பார்ட்ஸ் விற்கும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

அடுத்தது அலைன்மென்ட், சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிபார்க்கிற வேலை. இதற்கு நாங்கள் காத்தான்குடிக்குத்தான் கொண்டு போவோம். சாதாரணக் காரைப் போல மெஷினில் ஏற்றினால் பின்சில்லின் கணக்கு ஒரு இடத்தில் நிற்காது. ஸ்டேரிங் மயிரிழை அசைந்தாலும் பின்னால் மாறும். முதல் தரம் அங்கே மெஷினில் நின்ற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றார்.

"இல்ல காக்கா, பொறுங்க, முதல்ல பெட்டியைப் பூட்டுவம்."

பின்பெட்டியில் ஒரு மூடி போல்ட் உண்டு. அதைக் கழற்றிவிட்டு, அதற்கென்று உள்ள பூட்டுக் கம்பியைச் செருக வேண்டும். பெட்டி சரியான நடுவில் இருந்தால்தான் கம்பி முழுசாக இறங்கும். எங்களிடம் இருப்பது லேத்தில் கடைந்து எடுத்த கம்பி. அது இறங்கிய பிறகு ஸ்டேரிங் வளையம் கோணலாக நின்றால் குறை முன்பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வேலை சுகம்.

பெடியன்மார் வந்தால் கதை வேறு. அகல ரிம் வேண்டும், காரைப் பதிக்க, அதாவது உயரம் குறைக்க வேண்டும். செய்யலாம், ஆனால் இந்தக் காரில் பின்சில்லும் மட்கார்ட் வளைவுக்குள் ஆடுகிறது. டிக்கியில் பாரம் ஏற்றி, ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்க்காமல் நான் ரிம்முக்குச் சரி சொல்வதில்லை. ஸ்பிரிங்கை வெட்டிப் பதிப்பதற்கு எந்தக் காரிலும் சரி சொல்வதில்லை, அது வேறு விஷயம். பின்சில்லு திரும்புவதை நிறுத்த, சிலர் ஷாப்டை மட்டும் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பெட்டியை நடுவில் பூட்டாமல் அப்படி விட்டால் பின்சில்லு தன்பாட்டுக்கு அலையும், அந்தக் காரில் நான் ஏறமாட்டேன். ஒழுங்காகப் பூட்டினால் ஓடும்தான். ஆனால் ஒரே வெட்டில் திரும்பிய ஒழுங்கையில் பிறகு ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுவேன்: மதிலோடு ஒட்டி நிறுத்தியிருந்தால் முழுசாக ஒடித்து வெளியே எடுக்காதீங்க, கொஞ்சத் தூரம் நேராக வந்துவிட்டு ஒடியுங்க. இல்லாவிட்டால் வால் மதில் பக்கம் போகும். பின் பம்பரின் மூலையில் மட்டும் புதுப் பெயின்ற் பூசிய பிரிலூட் வந்தால் நான் காரணம் கேட்பதில்லை.