உங்களுடைய கார் என்றால் என்ன செய்வீர்கள்?

வைனில் கூரை போட்ட கார், அதாவது தகரக் கூரைக்கு மேலே அழகுக்காக வைனில் ஒட்டிய கார், என் கராஜுக்குள் வந்தால் நான் முதலில் பெருவிரலால்தான் பார்ப்பேன். பின்கண்ணாடியின் கீழ்ப்பக்கம், அதன் இரண்டு மூலைகள், பிறகு ஓரத்துக் குரோம் பட்டி போகும் வழி முழுவதும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எழும்பியிருக்கும் குமிழ் மெதுவாக அமிழ்ந்தால் பசை விட்டிருக்கிறது. உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டால் அது கறள். அந்த 1976 கிறைஸ்லர் கோர்டோபாவின் இடதுபக்க மூலை முழுவதும் நொறுங்கியது.

காரின் சொந்தக்காரர் அதற்காக வரவில்லை. கூரையில் நீளவாக்கில் ஓடும் இரண்டு தையல்களில் ஒன்று பிரிந்து வாய் திறந்திருந்தது. அதை ஒட்டி, வெளுத்த இடத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்துத் தர முடியுமா என்றுதான் கேட்டார். நான் அவருடைய விரலையே அந்த மூலையில் வைத்து அழுத்திக் காட்டினேன். மேலே ஒட்டினால் கீழே என்ன நடக்கும் என்று விளக்கினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “இது உங்களுடைய கார் என்றால் என்ன செய்வீர்கள்?”

“கழற்றிவிடுவேன்” என்றேன். யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“சரி, அப்படியென்றால் கழற்றுங்கள்.”

நாங்கள் கதைத்தது இவ்வளவுதான். இரவில் படுக்கும்போது இந்த மூன்று வரிகளும் இன்னும் எனக்குள் ஓடுகின்றன.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் பதிலில் பிழை தெரியாது. வைனில் என்பது மேலே பிவிசி பூச்சு, கீழே துணி. பூச்சை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வருடக்கணக்கான வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். வைனில் இறுகிச் சுருங்கும். சுருங்கும்போது தையலை இழுத்துப் பிரிக்கும், ஓரத்துப் பட்டியின் கீழிருந்தும் நழுவி வரும். ஒரு மயிரிழை வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போய்த் துணியில் ஊறிவிடும். பிறகு ஈரத்துணியைத் தகரத்தின்மேல் போர்த்தி வைத்த கதைதான், வெயில் அடித்தாலும் காயாது. இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுவதும் வீதிக்குக் கொட்டும் உப்பும் அந்த ஈரத்தோடு சேரும். அந்தக் காலத்துப் பல கார்களில் வைனிலுக்குக் கீழே ஒழுங்கான பெயின்ற்கூட இருக்காது. பிறைமர் என்கிற அடிப்பூச்சும், பக்கத்திலிருந்து பறந்து படிந்த கொஞ்ச நிறமும்தான். கூரைத் தகரமும் பக்கத் தகரமும் சேரும் மூட்டை, மூடத்தானே போகிறோம் என்று கரடாகவே விட்டிருப்பார்கள். குரோம் பட்டியைப் பிடிப்பதற்குத் தகரத்தில் பற்றவைத்த சின்ன ஆணிகள் இருக்கும். கறள் பெரும்பாலும் அந்த ஆணிக்காலில்தான் தொடங்கும்.

சாயம் அடித்துக் கொடுத்திருக்கலாம். ஒரு கோடைக்குப் புதிதுபோல இருந்திருக்கும். தண்ணீர் போகிற வழி அப்படியே இருந்திருக்கும், காசும் வாங்கியிருப்பேன். அதை நான் செய்யவில்லை. அந்த அளவில் என் மனச்சாட்சி தெளிவாகவே இருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் தம்பி, சூட்டுக் காற்று ஊதும் ஹீற் கன்னைக் கையில் எடுத்த பிறகு நின்று கேட்டான்: “அண்ணை, இதை இழுத்தால் திரும்பப் போடேலாது. அவர் விளங்கித்தானே ஓம் எண்டவர்?”

“எல்லாம் சொல்லியாச்சு, நீ இழு” என்றேன்.

பின்கண்ணாடியைக் கழற்றி, சூடு காட்டி உரித்தோம். கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் விரல் போகிற அளவுக்கு ஓட்டைகள். அவற்றைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் சொன்னது சரி என்று தகரமே சாட்சி சொல்லிவிட்டது. இன்னொருவருடைய காரில் ஓட்டையைக் கண்டு ஏன் நிம்மதி வர வேண்டும்? அப்போது இது தோன்றவில்லை. படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கறளை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைத்த பிறகு இரண்டு வழிகள் இருந்தன. அளவுக்குத் தைத்த புது வைனில் வாங்கி, பட்டிகளை நிமிர்த்தி, ஆணிகளைத் திரும்ப வைத்துப் போடலாம். அல்லது தகர மூட்டுகளை நிரப்பித் தேய்த்து, கூரையை வெறுமையாக விட்டுப் பெயின்ற் அடிக்கலாம். இரண்டாவதிலும் செலவு கூரையோடு நிற்காது. பழைய நிறத்தோடு புது நிறம் பொருந்தாது என்பதால் பின்பக்கத் தகரங்களுக்கும் அடிக்க வேண்டும். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “திரும்பவும் வைனில் போட்டால் சில வருடங்களில் திரும்பவும் இதே கதைதான்” என்றும் சொன்னேன்.

“அப்படியென்றால் பெயின்ற் அடியுங்கள்” என்றார்.

தெரிவு அவருடையதுதான். ஆனால் இரண்டு தடவையும் அவருடைய வாக்கியம் “அப்படியென்றால்” என்றுதான் தொடங்கியது. இரண்டு தடவையும் அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியிருந்தேன்.

கோர்டோபா இங்கேயே, வின்ட்சரில் செய்த கார். 1975 மொடலாக வந்தது. வைனில் கூரை மோகம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1962-இல் ஃபோர்ட், தண்டர்பேர்ட் லாண்டோவில் வைனிலைப் போட்டு, திறந்த கூரைக் காரின் துணிக்கூரை போன்ற தோற்றத்தைக் கொடுத்தது. அதிலிருந்து பத்துப் பதினைந்து வருடம் எல்லாக் கம்பனிகளும் அதையே செய்தன. தகரத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் கோர்டோபா போன்ற கார் தோற்றத்துக்காகவே வாங்கப்பட்டது. நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் விளம்பரங்களில் தன் குரலால் அதன் தோல் இருக்கைகளைப் புகழ்ந்து விற்ற கார். வைனிலை எடுத்துப் பெயின்ற் அடித்த பிறகு, பின்தூணில் இருந்த ஒபரா ஜன்னல் என்கிற சின்னக் கண்ணாடி தனித்துப்போய்த் தெரிந்தது. சுற்றியிருந்த கறுப்புத்தான் அதற்கு வடிவு கொடுத்திருந்தது. கிறைஸ்லரில் கறுப்பு வைனில் கூரைக்கான குறியீடு வி1எக்ஸ். அவருடைய காரின் விபரத் தகட்டிலும் அது இருந்தது, இப்போதும் இருக்கும்.

வைனில் இல்லாத கோர்டோபாவும் விற்றார்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான். அவர் அதை வாங்கவில்லை என்பதும் உண்மை.

காரை எடுக்க வந்த அன்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்தூணில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். “மிகச் சுத்தமான வேலை” என்றார். காசு கொடுத்தார், போனார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் அதே கார் விற்பனைக்கு வந்திருப்பதைத் தம்பி போனில் காட்டினான். “வைனில் கூரை அகற்றப்பட்டு, கறள் வெட்டித் திருத்தப்பட்டது” என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். விற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வயது, இடவசதி, காசு, பிள்ளைகள். கூரைதான் காரணம் என்று நினைப்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. எடுத்துக் கேட்டிருக்கலாம், இலக்கம் என்னிடம் இருந்தது. கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவன். போரின்போது பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தகரம் போனால் வேறு தகரம் வராது, இருக்கிற தகரத்தைக் காப்பாற்ற வேண்டும். வடிவெல்லாம் அதற்குப் பிறகு. என்னுடைய கார் என்றால் கழற்றிவிடுவேன் என்று நான் சொன்னது அங்கிருந்து வந்தது. அதனால்தான் யோசிக்காமலே வந்தது. அவர் அந்தக் கேள்வியைத் தகரவேலைக்காரனிடம் கேட்டாரா, அல்லது ஒரு காரை வைத்திருந்து அதோடு வாழ்ந்தவனிடம் கேட்டாரா? தகரவேலைக்காரனிடம் என்றால் என் பதில் சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இந்த வசந்தத்தில் ஒரு பெண்மணி பழைய கட்லஸ் சுப்ரீம் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பாதிக்கு மட்டும் வைனில், ஓரம் கிழிந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், ஒரு மூலையில் லேசான நொறுங்கல். நீங்களென்றால் என்ன செய்வீர்கள் என்று அவரும் கேட்டார். இந்த முறை நான் பதில் சொல்லாமல், இதை எவ்வளவு காலம் வைத்திருக்க நினைக்கிறீர்கள், இந்தக் கூரை உங்களுக்குப் பிடிக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “உங்களுக்குத் தெரியும் என்றுதானே உங்களிடம் வந்தேன். தெரிந்த நீங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வது?” என்றார்.

அதுவும் நியாயம்தான். கீழே இருக்கும் கறளைப் பற்றி முழுவதும் சொன்னேன், கழற்று என்று மட்டும் சொல்லவில்லை. ஓரத்தை மட்டும் ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தேன், கறள் இருப்பதைப் பில்லில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். கார் போனதும் தம்பி கேட்டான், “கோர்டோபாக்காரருக்குச் சொன்னதை ஏன் அண்ணை இவவுக்குச் சொல்லேல்லை?” அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூலை அதிக குளிர்காலங்களைத் தாங்காது.