எந்த வருஷத்து நிறம்?

அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு வந்தபோது உடம்பு முழுக்கச் சாம்பல் நிற பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே பாடி, அடியில் 1932 சேஸிஸ். மட்கார்டு ஒன்றுகூடக் கிடையாது. கூரையை மூன்று அங்குலம் வெட்டி இறக்கியிருந்தார்கள். பானட்டுக்குள் ஃபிளாட்ஹெட் வி8, ஃபோர்டின் பழைய எட்டு சிலிண்டர் எஞ்சின். முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர், நாற்பதுகளின் ஃபோர்டு இரும்புச் சக்கரங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பெயிண்ட் வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இப்படி ஒரு ஹாட் ராட், பழைய காரை வெட்டி மாற்றி வேகத்துக்காகக் கட்டிய வண்டி, உள்ளே வந்தால் இன்றைக்கும் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். பல வருஷமாக வீட்டு ஷெட்டில் தானே கட்டிய வண்டி. ஒரு கவர் நிறையப் பத்திரிகைப் படங்களை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். கேண்டி சிவப்பு, கூரையில் மினுக்கும் துகள் கலந்த மெட்டல்ஃப்ளேக், பக்கவாட்டில் வெயில் பட்டால் மட்டும் தெரிகிற முத்து நிற ஃபிளேம் என்கிற தீநாக்கு வடிவம், அதன் மேல் பின்ஸ்ட்ரைப் என்கிற மெல்லிய கோடு. ஒவ்வொன்றும் அருமையான வேலை. எல்லாம் ஒரே வண்டியில் வேண்டும் என்றார்.

நான் விலை சொல்லவில்லை. "இந்த வண்டி எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டேன்.

"முப்பத்தொன்று."

"அது ஃபோர்டு செய்த வருஷம். நீங்கள் எந்த வருஷத்தை மனதில் வைத்துக் கட்டினீர்கள்?"

எஞ்சினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "1951" என்றார். பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். ஹாட் ராடுகளை வேகம் பார்க்க ஓட்டும் எல் மிராஜ் வறண்ட ஏரி, இதே மாதிரி ஒரு கூப்பே, பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டபடி அவருடைய அப்பா. படம் கறுப்பு வெள்ளை. வண்டி அடர் நிறம் என்பது மட்டும்தான் தெரிகிறது.

பழைய பாணி ஹாட் ராடுக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி இதுதான். நிற அட்டையை விரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சின், டயர், விளக்கு எல்லாம் ஒரு காலத்தைச் சொல்லும்போது பெயிண்ட் மட்டும் பத்துப் பதினைந்து வருஷம் தள்ளி நின்றால், காரணம் தெரியாதவர்கள்கூட ஏதோ இடிக்கிறது என்பார்கள். ஜோ பெய்லன் போன்றவர்கள் பெயர் வாங்கித்தந்த கேண்டி ஆப்பிள் நிறம் ஐம்பதுகளின் நடுவிலும் பிற்பாதியிலும்தான் பரவியது. மெட்டல்ஃப்ளேக் அறுபதுகளின் சமாச்சாரம். வான் டச் என்று பெயர் எடுத்த கென்னத் ஹோவர்டின் கோடுகளும், லாரி வாட்சனின் நீண்டு மெலிந்த கடற்பாசி ஃபிளேமும் ஐம்பதுகளுக்கு உரியவை. 1951-இல் வறண்ட ஏரிக்கு ஓட்டிப்போன பையன்களுக்குக் கிடைத்தது லாக்கர் பெயிண்ட். டூப்பாண்டின் டூக்கோ லாக்கர் 1920-களிலேயே கார் தொழிற்சாலைகளுக்கு வந்துவிட்டது. சட்டென்று காய்வதுதான் அதன் பலம். அதனால் வீட்டுக் கொல்லையிலும் அடிக்க முடிந்தது. தூசி உட்கார்ந்தாலும் மறுநாள் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிடலாம். காசு இல்லாதவன் பிரைமரிலேயே ஓட்டினான். ஆனால் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். இரண்டு மழைக்காலம் போனால் அடியில் துரு பிடிக்கும்.

எனக்குக் கேண்டி மேல் கோபம் கிடையாது. அதைப் போல ஆழம் காட்டும் பெயிண்ட் வேறில்லை. வெள்ளி அல்லது தங்க பேஸ் மேல் கண்ணாடி போன்ற நிறத்தைக் கோட்டு கோட்டாக அடிப்போம். வெளிச்சம் உள்ளே போய், பேஸில் பட்டு, நிறத்தின் வழியாகவே திரும்பி வரும். அடிக்க அடிக்க நிறம் கறுத்துக்கொண்டே போகும். சங்கடமும் அதில்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வேறொரு பட்டறையில், கேண்டி நீலக் கார் ஒன்றின் கதவை மட்டும் திரும்ப அடிக்கச் சொன்னார்கள். எத்தனை கோட்டு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆறு போட்டேன். ஷெட்டுக்குள் சரியாகத்தான் இருந்தது. வெயிலில் நிறுத்தினால் கதவு மட்டும் வேறு காருடையது போலத் தெரிந்தது. கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் அடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் கோட்டு எண்ணிக்கை, ஸ்ப்ரே கன்னின் நாசில், காற்றழுத்தம் எல்லாம் என் நோட்டில் இருக்கும்.

இதைப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, "இந்த வண்டிக்கு மட்கார்டு இல்லை. முன்சக்கரம் தூக்கிப்போடுகிற கல் எல்லாம் நேராகக் கதவில்தான் வந்து அடிக்கும். ஓட்டப்போகிறீர்களா, காட்சிக்கு வைக்கப்போகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் கவரை மூடினார்.

மூன்று பழைய மட்கார்டுகளில் மூன்று நிறம் அடித்துக் காட்டினேன். தட்டையான அட்டையில் நிறம் பார்ப்பதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை, வளைவில்தான் நிறம் தன் குணத்தைக் காட்டும். ஒன்று கறுப்பு, ஒன்று மரூன், ஒன்று 1932 ஃபோர்டில் வந்த வாஷிங்டன் நீலத்தை ஒட்டிய நீலம். மூன்றையும் வாசலில் வைத்துவிட்டு மாலை ஐந்து மணி வரை காத்திருந்தோம். உச்சி வெயிலில் நீலம் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. சாய்ந்த வெயில் பட்டபோது வளைவின் விளிம்பு மட்டும் பிரகாசமாகி, கீழே இறங்க இறங்கக் கறுத்தது. அவர் போட்டோவை எடுத்து மட்கார்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

இந்தப் பகுதியில் காற்று மாசு விதிகள் கடுமை. பழைய லாக்கரை அப்படியே அடிக்க வழியில்லை. அதனால் இந்தக் காலத்து யூரித்தேன் பெயிண்டில்தான் அடித்தேன், ஆனால் நிறத்தின் மேல் தடிமனான கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, போடவில்லை. பாகு ஊற்றிய மாதிரி மினுங்கும் கிளியர் இந்த வண்டிகளுக்குப் பகை. நன்றாகக் காயவிட்டு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, கதவு விளிம்புகளைக் கையாலேயே பாலிஷ் செய்தேன். உறுத்தாத பளபளப்பு வந்தது. சக்கரங்கள் க்ரீம் நிறம்.

ஃபிளேம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கோடு மட்டும், ஜன்னலுக்குக் கீழே ஓடும் வரம்பை ஒட்டி, ஒரே ஒரு க்ரீம் கோடு. அதற்கு வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்தோம். அவர் பிரஷ்ஷைப் பார்த்தால் வாள் மாதிரி வளைந்திருக்கும். அணில் முடி நீளம், கைப்பிடி கட்டைவிரல் அளவுதான். எனாமலைப் பழைய பத்திரிகையின் வழவழப்பான தாளில் ஊற்றி, பிரஷ்ஷை முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்துப் பெயிண்டை முடிக்குள் ஏற்றினார். எப்போது போதும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இழுக்கும்போது தாள் கொஞ்சம் பிடிக்கும். அதுதான்" என்றார். பிறகு சுண்டுவிரலைப் பாடியில் ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கை அசையவே இல்லை, கால்தான் கோட்டை இழுத்தது. கதவு இடுக்கு வந்தபோதும் நிற்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் சும்மா நின்று பார்த்தோம். கிட்டப்போய்ப் பார்த்தால் கோட்டின் அகலம் இங்கே ஒரு முடி கூட, அங்கே ஒரு முடி குறைய இருக்கும். டேப் ஒட்டி அடித்த கோட்டில் அது வராது. எனக்கு அந்த வித்தியாசம் உயிர்.

ஆறு மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தது. எல் மிராஜின் வெண்தூசி கதவிடுக்கு வரைக்கும் ஏறியிருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் ஐந்து இடத்தில் கல் தெறித்து, அடியிலிருந்த சாம்பல் பிரைமர் தெரிந்தது. நோட்டைப் பார்த்து நிறம் கலந்து, மெல்லிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். பத்து நிமிஷ வேலை. பெரியவர் குனிந்து தேடிப் பார்த்தார், இடம் தெரியவில்லை. அடுத்த மாதமும் அங்கே போவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.