டேனரித் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்குச் சுண்ணாம்பு போடலாமா?

டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கிணற்றுத் தண்ணீருக்கு வந்துவிடும். சித்தப்பா போன வாரம் கேட்டது இது: சுண்ணாம்பு போட்டால் மண்ணில் இருக்கிற உலோக நஞ்சு அடங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதே, போடலாமா?

வேண்டாம் என்றேன். அந்தக் குறிப்பு முழுப் பொய் இல்லை, காட்மியம், ஈயம் மாதிரி உலோகங்களுக்குச் சரிதான், அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் அவை கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் டேனரிக் கழிவில் முக்கியமானது குரோமியம். அதில் இரண்டு வகை. தோல் பதனிடப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்டது; அது பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும், செடிக்குள் போனாலும் வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆறு இணைதிறன் கொண்டதுதான் ஆபத்து, தண்ணீரோடு ஓடும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கிற குரோமேட் ஆலையின் கழிவு மேட்டைப் பற்றி இத்தனை வருடமாகக் கவலைப்படுவது இதனால்தான். சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் கூட்டும்; காரம் கூடக்கூட இந்த வகையை மண் பிடித்து வைப்பது குறையும். ஏற்கெனவே காரம் ஏறிக்கிடக்கிற மண்ணில் சுண்ணாம்பையும் கொட்டினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

அங்கே உதவுவது நன்றாக மட்கிய தொழு உரம். அதிலிருக்கிற கரிமப் பொருள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நல்லது, உவர் மண்ணையும் அது ஓரளவு தாங்கும். உண்மையில் அந்தப் பக்கத்துப் பயிரை முதலில் வாட்டுவது குரோமியம் கூட இல்லை, தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பைக் கழுவி விட்ட தண்ணீர். சோடியம் ஏறி மண் இறுகினால் ஜிப்சம் போட வேண்டும், ஆனால் போட்டபின் நல்ல தண்ணீர் விட்டு உப்பை வடிக்காவிட்டால் செலவுதான் மிச்சம். மழையை நம்பித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம் இந்த டானிக் விஷயம். இலையில் தெளித்தால் உலோகத்தால் வாடும் பயிர் தேறும் என்று விற்கிறார்கள். சில பொருள்களால் பயிர் தேறவும் செய்யும், நெல்லுக்குச் சிலிக்கா கொடுத்தால் உலோகம் மேலே ஏறுவது குறைகிறது என்பதும் தெரிந்ததே. எனக்கு உறுத்துவது வேறு: பயிர் பச்சையாகத் தெரிவதும் உள்ளே நஞ்சு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. காட்மியம் வாட்டமே காட்டாமல் கீரையில் சேரும். ஜப்பானில் காட்மியம் கலந்த ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது, சோற்றைப் பார்த்து யாருக்கும் அது தெரிந்திருக்காது. அங்கே வயல்களின் மண்ணைச் சரிசெய்து முடிக்க 2012 வரை ஆனது.

மண்வள அட்டையில் குரோமியமும் காட்மியமும் வராது. தனியாகக் கேட்டு மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், குரோமியத்தில் எந்த வகை என்பதையும் சேர்த்து. முடிவு வரும்வரை கீரையும் முள்ளங்கியும் வேண்டாம், பருத்தி போடுங்கள் என்றேன். பருத்திக்கு யார் ஆள் தேடுவது என்று சித்தி பக்கத்திலிருந்து கேட்டது போனில் தெளிவாகவே விழுந்தது.