அகலத்திலிருந்து தொடங்குங்கள்: லெகோவில் பாய்மரக் கப்பல்

லெகோ கட்டைகளில் பாய்மரக் கப்பல் கட்ட உட்காருகிறவர்கள் முதலில் யோசிப்பது நீளத்தைத்தான். யோசிக்க வேண்டியது அகலம். நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் யார் கண்ணிலும் படாது. அகலத்தில் நான்கு குமிழ் (ஸ்டட்) குறைத்தால் கப்பல் பலகை மாதிரி ஆகிவிடும். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகளும் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், மரத்தைப் பிடித்து நிறுத்தாது.

கணக்கு எளிது. ஸ்டட் என்பது கட்டையின் தலையில் இருக்கும் குமிழ். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., பிளேட் என்னும் தட்டைக் கட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. லெகோ மனிதன் சுமார் 4 செ.மீ. உயரம், ஆகவே அவனைத் தளத்தில் நிற்க வைக்க வேண்டுமென்றால் 1:40 பொருத்தமான அளவு. இந்த அளவில் உண்மைக் கப்பலின் ஒரு மீட்டர் நமக்கு 25 மி.மீ., அதாவது 3.125 ஸ்டட். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கிய வாசா 11.7 மீட்டர் அகலம். 36 அல்லது 37 ஸ்டட் வரும். தேயிலை ஏற்றிய கட்டி சார்க் கப்பல் 11 மீட்டர், 34 ஸ்டட். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹெச்எம்எஸ் விக்டரி 15.8 மீட்டர், 49 ஸ்டட்.

இதே கணக்கை உயரத்துக்கும் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாசா அடியிலிருந்து மர உச்சி வரை 52.5 மீட்டர், மாதிரியில் 1.31 மீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து 69 மீட்டர் நீளம், மாதிரியில் 1.72 மீட்டர். வைக்க இடம் இருக்கிறதா, வாசல் வழியாக வெளியே போகுமா என்பதை ஒரு கட்டைகூட வாங்காதபோதே பார்த்துவிட வேண்டும்.

1989இல் வந்த 6285 எண் கடற்கொள்ளையர் கப்பலில் தொடங்கி, லெகோவின் பெரிய கப்பல் பெட்டிகள் பலவற்றில் உடல் தயாராக வார்த்த துண்டுகளாகவே வந்தது. நடுத்துண்டு 16 ஸ்டட் அகலம், 8 ஸ்டட் நீளம். கூடுதலாக நடுத்துண்டு சேர்த்தால் நீளம் கூடும், அகலம் 16ஐத் தாண்டாது. 1:40இல் 16 ஸ்டட் என்பது 5.1 மீட்டர், சின்னப் படகின் அகலம். மூன்று நடுத்துண்டு, நான்கு நடுத்துண்டு என்று நீட்டினால் போர்க்கப்பல் வராது, நீண்ட படகுதான் வரும். கட்டையால் உடலைக் கட்ட வேண்டியிருப்பது இதனால்தான். 2024இல் வந்த 3,011 துண்டுகள் கொண்ட எண்டியூரன்ஸ் (ஷாக்கிள்டனின் அண்டார்டிக் பயணக் கப்பல்) பெட்டியில் உடல் முழுக்கக் கட்டைகளாலேயே எழும்புகிறது. வளைவை எப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று படிக்க நல்ல பாடம்.

எலும்புக்கூடு

அகலம் இரட்டைப்படையாக இருக்கட்டும். மரத்துக்குப் பெரும்பாலும் 2x2 உருளைக் கட்டை பயன்படுத்துவோம். அது இரட்டைப்படை அகலத்தின் சரிபாதியில் உட்காரும். ஒற்றைப்படை எடுத்தால் நடுவில் ஒரே குமிழ் உள்ள ஜம்பர் பிளேட் போட்டு அரை ஸ்டட் நகர்த்தும் வேலை தளத்துக்குத் தளம் தொடரும். வாசாவுக்கு 37ஐ விட்டு 36ஐ எடுப்பது இதற்காகத்தான்.

அடியில் ஓடும் ஏராவை இரண்டு வரிசை டெக்னிக் (பக்கத்தில் துளையுள்ள) கட்டைகளால் அமைத்து, மூட்டுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வராதபடி மாற்றி மாற்றி அடுக்குங்கள். அதன் மேல் விலா எலும்பு போன்ற குறுக்கு வங்குகள். நடு உடலில் 12 முதல் 16 ஸ்டட்டுக்கு ஒன்று போதும். முன்பக்கமான அணியத்திலும் பின்பக்கமான அமரத்திலும் வளைவு வேகமாக மாறுவதால் 8 ஸ்டட்டுக்கு ஒன்று வேண்டும். நீண்ட கப்பலை 40 ஸ்டட் அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளைத் துளைகளில் செருகும் டெக்னிக் பின்களால் இணைத்தால் தூக்கிச் செல்லவும் முடியும், உள்ளே ஏதாவது கழன்றால் திறந்து பார்க்கவும் முடியும்.

அணிய வளைவும் முக்கோணமும்

கப்பலின் முகம் அணியம். அதைக் கட்டைக்குக் கட்டை படி வைத்துக் குறுக்கினால் படிக்கட்டு தெரியும். நேரான சுவர்ப் பலகைகளைச் சாய்த்து வைப்பதுதான் நல்ல வழி. பலகையின் அடியில் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்டட் மட்டும் பிடிக்க வேண்டும். இடையில் உள்ள ஸ்டட்களைக் குமிழில்லாத டைல் போட்டு மூடிவிட வேண்டும். அந்த இரண்டு ஸ்டட்டுக்கும் இடையிலான சாய்வுத் தூரம் முழு எண்ணாக இருந்தால்தான் பலகை வலியில்லாமல் உட்காரும். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம் இங்கே அப்படியே உதவுகிறது: 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25.

36 ஸ்டட் அகலத்துக்கு ஒரு பக்கம் 18 ஸ்டட் உள்ளே வர வேண்டும். முதல் பலகை 24 முன்னே, 7 உள்ளே. இரண்டாவது 12 முன்னே, 5 உள்ளே. மூன்றாவது 8 முன்னே, 6 உள்ளே. இது 3-4-5இன் இரட்டிப்பு. கூட்டிப் பாருங்கள்: 44 முன்னே, 18 உள்ளே. கணக்கு மிச்சமில்லாமல் முடிகிறது. சாய்வு 16 டிகிரியில் தொடங்கி 23, பிறகு 37 என்று கூடிக்கொண்டே போவதால் கண்ணுக்கு ஒரே வளைவாகத் தெரியும். இது கூர்மையான அணியத்துக்கு. 17ஆம் நூற்றாண்டின் மழுங்கிய மூக்குக்கு முதல் பலகையை விட்டுவிட்டு 5-12-13லிருந்தே தொடங்கி, முனையை ஸ்லோப் எனும் சாய்வான வளைவுக் கட்டைகளால் உருட்ட வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 13 என்பது தூரம், ஸ்டட்டின் எண்ணிக்கை அல்ல. முதல் ஸ்டட்டின் நடுவிலிருந்து 13 தூரம் போனால் நிற்பது 14ஆவது ஸ்டட்டில். பலகை 14 ஸ்டட் நீளம் வேண்டும். 13 ஸ்டட் பலகையை வைத்து அமுக்கினால் முனை ஒரு ஸ்டட் தள்ளி நிற்கும். விரலால் வளைத்து உட்காரவைத்துவிட்டால் சில நாளில் பலகை தானாக எகிறும்.

இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விழும். அதன் மேல் மெல்லிய செங்குத்துப் பட்டை ஒன்றை ஒட்டவைத்தால் போதும். உண்மைக் கப்பல்களிலும் பக்கத்தில் செங்குத்துக் கட்டைகள் உண்டு, உறுத்தாது.

மெல்லிய வளைவுகளுக்கு இன்னொரு வழி. கட்டைகள் ஒன்றையொன்று உரசாமலிருக்க ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 மி.மீ. குறைத்தே வார்க்கப்படுகின்றன. அந்த இடைவெளி போதும். 1x2 கட்டைகளை மாற்றி அடுக்கிய நீண்ட சுவர் லேசாக வளையும். நடு உடலின் மென்மையான வளைவுக்கு இது அழகு. நீண்ட கட்டை ஒன்று அதில் கலந்தாலும் வளைவு அங்கேயே நின்றுவிடும்.

பீரங்கி வாய்களை நேர்கோட்டில் வைக்காதீர்கள். தளம் முன்னும் பின்னும் மேலேறும், வாய்களின் வரிசையும் அதோடு ஏற வேண்டும். இரண்டு வாய்க்கு ஒரு பிளேட் என்று ஏற்றினால் சரியாக வரும். மேல் வரிசை வாய்கள் கீழ் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வரட்டும்.

கட்டை எவ்வளவு ஆகும்? 150 ஸ்டட் நீளமும் 20 கட்டை உயரமும் கொண்ட ஒரு பக்கத்துக்கு 1x4 கட்டையாகவே 760. இரண்டு பக்கத்துக்கு 1,520. இது வெளித்தோல் மட்டும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே வாங்குங்கள், நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். 2004 வாக்கில் லெகோ தன் பழுப்பையும் சாம்பலையும் மாற்றியது. பழைய பழுப்பும் புதிய செம்பழுப்பும் ஒரே சுவரில் கலந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். பழைய செம்பழுப்புத் துண்டுகள், குறிப்பாகக் கிளிப்புகள், எளிதில் நொறுங்குவதும் உண்டு. சுமை தாங்கும் இடத்தில் அவற்றை வைக்க வேண்டாம். நீர்க்கோட்டுக்குக் கீழே என்ன நிறம் என்பது காலத்தைப் பொறுத்தது: விக்டரிக்கு 1780இல் செப்புத் தகடு அடித்தார்கள், அதற்குச் செம்பு நிறம் பொருந்தும். வாசாவுக்குச் செப்பு போட்டால் தவறு.

மரம் கீழே அமுக்குகிறது

கயிறு கட்டினால் பாய்மரம் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. இருபுறக் கயிறும் மரத்தைக் கீழ்நோக்கி இழுக்கின்றன, மரம் ஏராவின் மேல் அமுங்குகிறது. மேல்நோக்கி இழுபடுவது உடலின் ஓரத்தில் கயிறு கட்டிய பக்கப் பலகைகள். லெகோவின் ஸ்டட் பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும், நேர்மேலாக இழுத்தால் விட்டுவிடும். ஆகவே பக்கப் பலகையை மேலிருந்து குத்திய பிளேட்டாக விடாதீர்கள். உள்ளே உள்ள டெக்னிக் கட்டையில் பின் போட்டுக் கிடைமட்டமாகப் பூட்டுங்கள். கயிறு இழுக்கும்போது பின் குறுக்கே நின்று தாங்கும். இந்த ஒன்றைக் கவனிக்காத கப்பலில், கடைசிக் கயிற்றை இறுக்கும் நேரத்தில் பக்கம் முழுதும் பெயர்ந்து கையோடு வரும்.

மரம் எல்லாத் தளங்களையும் துளைத்து, 2x2 கிணறு போன்ற குழிக்குள் இறங்கி ஏரா மேலேயே நிற்க வேண்டும். குழி ஆறு கட்டை ஆழமாவது இருக்கட்டும். மாதிரியைத் தாங்கும் நிலைக்கால்களும் மரங்களுக்கு நேர்கீழே வரட்டும், இல்லாவிட்டால் நாளடைவில் ஏரா தொய்யும்.

மரத்தின் உள்ளே டெக்னிக் ஆக்ஸில் என்ற கம்பி ஓடும். 12 ஸ்டட் நீள ஆக்ஸில் 96 மி.மீ., அதாவது மிகச் சரியாகப் பத்து உருளைக் கட்டை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவே ஆபத்து. அடியிலிருந்து 12, 12 என்று போட்டால் ஆக்ஸில் மூட்டும் கட்டை மூட்டும் ஒரே மட்டத்தில் விழும், மரம் அங்கே முறியும். முதல் ஆக்ஸில் 9 நீளமாக இருக்கட்டும். 72 மி.மீ., ஏழரைக் கட்டை. அதன்மேல் எத்தனை 12 போட்டாலும் ஒவ்வொரு மூட்டும் ஒரு கட்டையின் நடுவயிற்றில் ஒளிந்துகொள்ளும்.

பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமலைக் கிளிப்பில் மாட்டினால் பாயின் எடையில் மெல்லச் சாயும். பருமலின் இரு முனைகளிலிருந்தும் மர உச்சிக்கு நூல் கட்டுங்கள். எடையை அந்த நூல்தான் சுமக்க வேண்டும், கிளிப் இடத்தை மட்டும் காட்டினால் போதும்.

கயிறும் பாயும்

பருத்தி நூல் வேண்டாம். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும், பஞ்சும் பிரியும். பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துப் பயன்படுத்துங்கள். மரங்களை நிறுத்தும் நிலையான கயிறுகள் கறுப்பு, 1 மி.மீ. தடிமன், உண்மையில் தார் பூசியவை. பாயை இயக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு, அரை மி.மீ.

முதலில் முன்நோக்கிப் போகும் கயிறுகள். பிறகு பக்கக் கயிறுகள், இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்தே நிற்கும். பின்மரத்தை அதிகம் இறுக்கினால் முன்மரத்தின் கயிறுகள் தொய்வதையும் பார்ப்பீர்கள், ஆகவே முதல் சுற்றில் அரை இறுக்கம் போதும்.

மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிறுகள்தான் பொறுமையைக் கேட்பவை. உண்மைக் கப்பலில் படிக்குப் படி சுமார் 38 செ.மீ. 1:40இல் 9.5 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு கட்டை உயரம். அளவுகோல் தேடவே வேண்டாம். கட்டைகளை அடுக்கிக் கயிற்றின் பின்னால் நிறுத்தினால் ஒவ்வொரு மூட்டும் ஒரு படி. ஆறு கயிறு, 40 செ.மீ. உயரம் என்றால் 41 படி, 246 முடிச்சு. மூன்று மரம், இரண்டு பக்கம் என்றால் 1,476. ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலும் கயிறுகள் உள்ளே இழுபட்டு உடுக்கை போல இடை சிறுத்துவிடும். இரு ஓரக் கயிறுகளுக்கும் இடையே அட்டை ஒன்றைச் செருகிவைத்துக் கட்டுங்கள். ஐந்து படிக்கு ஒன்று முதலில், இடைப்பட்டவை பிறகு.

முடிச்சில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். உடனே ஒட்டும் சூப்பர் பசையைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், அதன் ஆவி பட்டாலே கட்டையில் வெண்பூச்சு படியும், தேய்த்தாலும் போகாது.

பாய்க்கு மெல்லிய பருத்தித் துணி. தேயிலைத் தண்ணீரில் முக்கினால் பளீர் வெள்ளை போய்ப் பழுப்பேறும். ஓரங்களில் நீர்த்த பசையைத் தடவி, முற்றிலும் காய்ந்த பிறகே வெட்டுங்கள், நூல் பிரியாது. காற்று நிறைந்த தொப்பை வேண்டுமென்றால் பசை நீரில் நனைத்துப் பெரிய பாட்டிலின் மேல் போர்த்திக் காயவிடுங்கள். தொப்பை எல்லாப் பாயிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். உச்சியில் பறக்கும் கொடியும் அதே திசையில்தான்: பின்னாலிருந்து வரும் காற்றில் கொடி முன்னோக்கியே பறக்கும். கொடியைப் பின்னோக்கி வைத்துவிட்டுப் பாயை முன்னே புடைக்கவைத்த மாதிரிகள் ஏராளம்.

வெயில் நேராகப் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், வெள்ளைக் கட்டை மஞ்சளாகும். தூசிக்கு மென்தூரிகை. இடம் மாற்றும்போது பக்கங்களைப் பிடிக்காமல், ஏராவின் அடியில் இரு கையையும் மரங்களுக்கு நேராகக் கொடுத்துத் தூக்குங்கள்.