அசெம்பிளியில் மேக்ரோ எழுதிப் பார்த்தேன்: வாய்ப்பாடு நிரல், மூன்றாவது வாரம்

ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாடு அச்சிடும் நிரல் ஒன்றை, செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 64 பிட் லினக்ஸ்; எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளர், நாஸ்ம். முதல் இரண்டு வாரமும் திரையில் எதையாவது காட்ட வேண்டிய இடமெல்லாம் அதே ஐந்து வரியை நகலெடுத்து ஒட்டினேன். செயலிக்குள் ரெஜிஸ்டர் என்ற சின்னச் சேமிப்பிடங்கள் உண்டு: ஆர்ஏஎக்ஸில் ரைட் சிஸ்காலின் எண் 1, ஆர்டிஐயில் திரைக்கான 1, ஆர்எஸ்ஐயில் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முகவரி, ஆர்டிஎக்ஸில் நீளம், கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னலிடம் வேலையை ஒப்படைக்கும் சிஸ்கால். எண்ணிப் பார்த்தால் நாற்பது இடம். சரி, பல வரிகளுக்கு ஒரே பெயர் வைக்கும் மேக்ரோவைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

எழுதுவது சுலபம்தான். %மேக்ரோ, பெயர், எத்தனை உள்ளீடு என்ற எண், நடுவில் வழக்கமான கட்டளைகள், முடிவில் %எண்ட்மேக்ரோ. முதல் உள்ளீடு வர வேண்டிய இடத்தில் %1, இரண்டாவதற்கு %2. பிரிண்ட் என்று பெயர் வைத்தேன்; முகவரியும் நீளமும் கொடுத்தால் போதும். இருநூறு வரி நாற்பதாகச் சுருங்கியதும் கொஞ்ச நேரம் அதையே மேலும் கீழும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு சின்ன அசடு. தலைப்பு வரியில் ‘வணக்கம்’ என்று வைத்து, நீளம் ஐந்து என்று கையால் எழுதியிருந்தேன். எழுத்து ஐந்துதானே! திரையில் ‘வ’ மட்டும் வந்தது, பக்கத்தில் ஒரு உடைந்த கட்டம். நீளம் என்பது பைட் கணக்கு; எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப் 8 முறையில் வ, ண, க எல்லாம் தலைக்கு மூன்று பைட், புள்ளிக்கும் தனியாக மூன்று. மொத்தம் 21. அதற்குப் பிறகு நீளத்தை நான் எண்ணுவதே இல்லை. டாலர் குறியிலிருந்து (அப்போது நிற்கும் இடம்) லேபிளை (சரம் தொடங்கும் இடத்துக்கு வைத்த பெயர்) கழித்து அசெம்பிளரையே எண்ண விட்டுவிட்டேன்.

அப்புறம் இடைவெளி என்ற வேலைக்கு ஒரு மேக்ரோ. எண் ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு வெற்றிடம் போடும், இல்லையென்றால் தாண்டிப் போகும். தாண்டுவதற்கு உள்ளே ஒரு லேபிள். ஒருமுறை பயன்படுத்தியபோது ஒழுங்காக ஓடியது. இரண்டாவது இடத்தில் போட்டதும் இந்த லேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று நாஸ்ம் நிறுத்திவிட்டது. மேக்ரோ என்பது அழைப்பு இல்லை, வரிகளை அப்படியே அங்கே கொட்டுவது என்று படித்திருந்தேன், உறைத்தது இங்கேதான். லேபிளுக்கு முன்னால் இரண்டு சதவீதக் குறி போட்டால் ஒவ்வொரு முறையும் அதுவே புதுப் பெயர் வைத்துக்கொள்கிறது. நாஸ்மைப் பெரிய ஈ (-E) ஆப்ஷன் கொடுத்து ஓட்டினால் மேக்ரோவெல்லாம் விரிந்த நிலையில் நிரல் முழுவதும் தெரியும். முதல் நாளே இதைத் தெரிந்து வைத்திருந்தால் இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அந்த ராத்திரிகளில் ஒன்று ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போனது. முன்பு சுற்று எண்ணிக்கையை ஆர்12ல் வைத்து, ஒன்று குறைத்து, பூஜ்யம் இல்லையென்றால் தாவு என்று எழுதியிருந்தேன். மேக்ரோ வந்த உற்சாகத்தில் அதையும் அழகுபடுத்துகிறேன் என்று லூப் கட்டளைக்கு மாறினேன். அது எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்திருக்கும். ஓட்டினால் ஏழாம் வாய்ப்பாடு பத்தோடு நிற்கவில்லை. கண்ட்ரோல் சி அடிப்பதற்குள் சில ஆயிரம் வரி போய்விட்டது. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பார்த்தால் ஆர்சிஎக்ஸில் 41 லட்சத்து 98 ஆயிரத்துச் சொச்சம். அது எண்ணிக்கையே இல்லை, நிரலின் முகவரி! சிஸ்கால் கட்டளை, திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் ஃபிளாக்குகளை (செயலியின் நிலைக் குறிகளை) ஆர்11லும் எழுதிவிட்டுத்தான் கெர்னலுக்குள் போகிறது. ஐந்து வரியும் கண்முன்னால் இருந்தவரை சிஸ்கால் அங்கே இருப்பது தெரியும். பிரிண்ட் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்த பிறகு எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. மேக்ரோவின் தொடக்கத்தில் இரண்டையும் புஷ் செய்து (நினைவகத்தில் எடுத்துவைத்து), முடிவில் தலைகீழ் வரிசையில் பாப் செய்தேன் (திரும்ப எடுத்தேன்). ஆர்11ஐ நான் வேறெங்கும் தொடவில்லை. அது பயத்தில் போட்டது.

அடுத்தது இதைவிடக் கள்ளத்தனமானது. எண்ணை எழுத்துகளாக மாற்றும் சப்ரூட்டீன் (ஒரே இடத்தில் இருக்கும், வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு), தன் விடையின் முகவரியை ஆர்டிஐயில் தந்தது. நானும் பிரிண்ட் ஆர்டிஐ, ஆர்டிஎக்ஸ் என்று எழுதினேன். எண்கள் மட்டும் திரையில் வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. மேக்ரோவின் உள்ளே முதலில் ஆர்டிஐயில் 1 ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் %1 ஆர்எஸ்ஐக்குப் போகிறது. %1 என்பதே ஆர்டிஐ, அதில் இப்போது இருப்பது 1. முகவரி 1ல் இருப்பதை அச்சிடு என்று கேட்டிருக்கிறேன்! கெர்னல் மைனஸ் 14, அதாவது தவறான முகவரி என்று பதில் சொல்லியிருக்கிறது; அதை நான் பார்க்கவே இல்லை. உள்ளீடுகளை முதலில் எடுத்துவைத்துவிட்டு ஆர்டிஐயைப் பிறகு நிரப்பும்படி வரிசையை மாற்றியதும் எண்கள் வந்தன. இப்போதும் யாராவது நீளத்தை ஆர்எஸ்ஐயில் கொடுத்தால் இது உடையும். அந்த யாராவது நான்தான் என்பதால் மேக்ரோவுக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், ஒரே சுற்றுக்குள் நான்காவது பிரிண்ட் சேர்த்ததும் லூப் எட்டவில்லை என்று பிழை. லூப் கட்டளையால் பின்னால் 128 பைட்தான் தாவ முடியும். ஒவ்வொரு கட்டளையின் பைட்டுகளையும் காட்டும் லிஸ்டிங் கோப்பை எடுத்துக் கணக்குப் போட்டேன். லேபிள் கொடுத்து எழுதும் ஒவ்வொரு பிரிண்ட்டும் 33 பைட். அதில் முகவரியை ஏற்றும் மூவ் மட்டும் 10. மூன்று பிரிண்ட் 99, நான்கு என்றால் 132. நாற்பது இடத்துக்கு 1,320 பைட். இந்தக் காலத்தில் ஆயிரம் பைட் ஒரு பொருட்டா என்று கேட்கலாம்தான், ஆனால் அதைப் பொருட்படுத்தத்தானே அசெம்பிளிக்கு வந்தேன்.

ஆகவே வேலையைப் பிரித்தேன். எழுதும் வேலை முழுக்க ஒரு சப்ரூட்டீனுக்குப் போனது. 19 பைட், ஒரே ஒரு பிரதி. மேக்ரோ இப்போது மூன்று வரிதான்: லியா கட்டளை வைத்து முகவரி (7 பைட்), நீளம் (5), சப்ரூட்டீனை அழைக்கும் கால் கட்டளை (5). நாற்பது இடமும் சப்ரூட்டீனும் சேர்ந்து 699 பைட். எழுதும்போது அதே பிரிண்ட், அதே இரண்டு உள்ளீடு. மேக்ரோவை லேபிளுக்காகவே எழுதியிருக்கிறேன், ஆகவே முகவரி ரெஜிஸ்டரில் இருக்கும் இடங்களில் மேக்ரோ இல்லாமல் நேராகக் கால்.

நேற்று, சரத்தையே நேரடியாகப் பிரிண்ட்டுக்குக் கொடுக்க முயன்றேன். சரத்துக்குப் பின்னால் காற்புள்ளி, வரி முடிவுக்கு 10. அந்த 10ஐ நாஸ்ம் இரண்டாவது உள்ளீடாக எடுத்துக்கொண்டது. உள்ளீட்டு எண்ணிக்கையை 1+ என்று எழுதினால் காற்புள்ளிக்குப் பிறகு வருவதையும் சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. சரத்தைத் தரவுப் பகுதியில் வைக்க மேக்ரோவுக்குள்ளேயே அங்கே தாவினேன், திரும்பி வர மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய கட்டளைகளெல்லாம் தரவோடு போய் உட்கார, நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (நினைவக அனுமதிப் பிழையில்) விழுந்தது. ஒரு வரி சேர்த்து, கட்டளைகளுக்கான டெக்ஸ்ட் பகுதிக்குத் திரும்பியதும் ஓடுகிறது. தலைப்பு வரிகளை இந்த முறைக்கு மாற்றியாகிவிட்டது, பத்து வாய்ப்பாடும் வரிசையாக வருகின்றன. மூன்று இலக்கம் வரும் 100 மட்டும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. இடைவெளி மேக்ரோவை மறுபடி பிரிக்க வேண்டும்.