மறைக்கிற கைக்கு நிதானம் வேண்டும்

"மாறுகண் மட்டும் பார்க்கிற படிப்பு எங்கே இருக்கு?" என்று புதுச்சேரி, கடலூர்ப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நம் நாட்டில் மாறுகண்ணையும் இரு கண் ஒத்துழைப்பையும் பார்க்கிற ஆர்தாப்டிக்ஸ், பெரும்பாலும் கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரிக்குள் ஒரு பாடம்தான். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்பது வழக்கம். கோரிமேடு ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த் போன்ற இடங்களில் காலையில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தாலே, கை எவ்வளவு பழக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

கண்ணை மூடித் திறந்து அதன் அசைவைப் பார்க்கிற கவர் டெஸ்ட் முதல் மாதத்திலேயே சொல்லித் தரப்படும். சரியாக வர ஆண்டுகள் ஆகும். கிட்டத்தில் 33 செ.மீ., தூரத்தில் 6 மீட்டர், கண்ணாடியோடும் இல்லாமலும் பார்க்க வேண்டும். கிட்டத்தில் டார்ச் வெளிச்சத்தைக் காட்டுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. வெளிச்சத்தைக் கூர்ந்து பார்க்கக் குழந்தைக்கு அவசியமில்லை. கூர்ந்து பார்க்கும்போது மட்டும் உள்ளே திரும்புகிற கண் அப்போது நேராகவே தெரியும். சின்ன எழுத்தையோ படத்தையோ காட்டி, "கண்ணு, பூனைக்கு எத்தனை கால்?" என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

மாற்றி மாற்றி மூடும்போது இரண்டு கண்ணும் ஒரு நொடிகூடச் சேர்ந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் இரண்டு மூன்று விநாடி மூடி வைக்காவிட்டால் மறைந்திருக்கும் விலகல் முழுதாக வெளிவராது, அளவு குறைந்தே வரும். விலகலை அளக்கக் கண்ணுக்கு முன் பிடிப்பது பிரிசம் என்ற ஆப்பு வடிவக் கண்ணாடி. கண் உள்ளே திரும்பியிருந்தால் அதன் தடித்த பக்கம் வெளிப்புறம் இருக்க வேண்டும். அசைவு நின்றதும் விட்டுவிடாமல், எதிர்த்திசையில் அசையும்வரை பிரிசத்தின் அளவைக் கூட்டிப் பிறகு குறைக்க வேண்டும். ஒரே திசையில் இரண்டு பிரிசத்தை அடுக்கி எண்களைக் கூட்டினால் கணக்குத் தப்பும். இரு கண்ணுக்கும் பிரித்து வைப்பது மேல்.

மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "பாட்டி, அந்தக் கண்ணு பாக்க மறந்துட்டா அப்புறம் திருப்புறது கஷ்டம்" என்று மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். விழித்திரையில் புற்றுக்கட்டி இருந்தாலும் முதலில் மாறுகண்ணாகவே தெரியலாம். ஆகவே கண்பாவையை விரித்து மருத்துவர் உள்ளே பார்க்காமல் எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது.

கண்பாவையை விரிக்க மருத்துவர் அட்ரோபின் களிம்பு எழுதித் தந்தால், அரிசி அளவு போதும், போட்டதும் கையைக் கழுவ வேண்டும் என்பதைத் தாயிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முகம் சிவந்து உடம்பு கொதித்தால் அக்னி நட்சத்திர வெயில் என்று நினைத்து மறுவேளை போட்டுவிடுவார்கள். உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

பார்க்கப் பழகாமல் மங்கிப்போன சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுகிறோம். மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரத்துக்கு ஈடான பலன் தருவதாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்த்து ஒட்டு விட்டுப்போகும். மூக்கோரம் இடைவெளி விழுந்ததும் பிள்ளை நல்ல கண்ணாலேயே எட்டிப் பார்க்கும். முகம் கழுவித் துடைத்து, மின்விசிறிக்கடியில், எழுதவோ வரையவோ உட்காரும் நேரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய நேரத்தைத் தினசரி காலண்டர் தாளில் குறித்து, கிழித்த தாள்களை அடுத்த முறை எடுத்துவரச் சொல்வது நல்லது. அப்படி வரும்போது, மூடிவந்த நல்ல கண்ணின் பார்வையையும் சேர்த்தே சோதியுங்கள். அதிகம் மூடினால் அதுவும் மங்கக்கூடும்.